டிரெய்லருக்கு ரிவர்ஸ் கேமரா: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அடிக்கும் டிராக்டர்க்காரர்கள், குடியாத்தம், அணைக்கட்டு பக்கம் செங்கல், வைக்கோல், எரு ஏற்றுகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான். இப்போது காருக்குப் பின்னால் கேம்பர் டிரெய்லர், அதாவது படுக்கையும் சமையல் மேடையும் வைத்த சின்ன இழுவை வண்டி, மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களும் அதே கேள்விகளோடு வருகிறார்கள். வண்டிகளுக்கு வயரிங் செய்வது என் தொழில். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

டிராக்டருக்கு எதுக்குங்க கேமரா? திரும்பிப் பார்த்தாலே எல்லாம் தெரியுதே?

எல்லாம் தெரிவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்தால் உங்கள் கண் தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணிலிருந்து டிரெய்லரின் பின்கதவு 5 மீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தக் கதவின் மேல்விளிம்பு 1.6 மீட்டர் உயரம். இந்த அளவுகளுக்கு, 90 சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தை ஒன்று கதவுக்குப் பின்னால் ஏறக்குறைய 6 மீட்டருக்குள் எங்கே நின்றாலும் அதன் தலை முடிகூட உங்களுக்குத் தெரியாது. இது காலி டிரெய்லருக்கான கணக்கு. லோடு ஏற்றிவிட்டால் பின்னால் ஒன்றுமே தெரியாது.

நம் கிராமத்துத் தெருக்களில் டிராக்டர் சத்தம் கேட்டால் பிள்ளைகள் ஓடி வருவார்கள். பின்னால் தொற்றிக்கொள்ளப் பார்ப்பார்கள். கோழி, ஆடு, திண்ணை ஓரத்தில் நிறுத்திய சைக்கிள் எல்லாம் அந்த 6 மீட்டருக்குள்தான் இருக்கும். கேமரா வைக்கச் சொல்வது இந்த இடத்துக்காகத்தான். பார்க்கிங் அழகாகப் போடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

எங்க காருல கம்பெனி கேமராவே இருக்கு. டிரெய்லர் மாட்டினா அதுவே போதாதா?

டிரெய்லர் மாட்டியதும் அந்தக் கேமராவில் தெரிவது டிரெய்லரின் முன்பலகை மட்டும்தான். டிரெய்லருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க, டிரெய்லரின் வாலில் தனியாக இன்னொரு கேமரா வேண்டும்.

ஆனால் கார் கேமராவுக்கு வேறொரு நல்ல உபயோகம் உண்டு. டிரெய்லரை மாட்டுவதற்காகக் காரைப் பின்னால் கொண்டுபோகும்போது, காரின் இழுவைக் குண்டு டிரெய்லரின் கொக்கிக்கு நேராக வருகிறதா என்று ஆளில்லாமலே பார்த்துக்கொள்ளலாம். டிராபாரின், அதாவது டிரெய்லரின் முன்னால் கொக்கி வரை நீளும் இழுசட்டத்தின், நுனியில் சிவப்பு பெயின்ட் ஒரு பொட்டு வைத்துவிட்டால் திரையில் சட்டென்று தெரியும். இன்னொன்று: டிரெய்லர் மாட்டிய பிறகு காரின் ரிவர்ஸ் சென்சார் ஓயாமல் கத்தும். சில கார்களில் ரிவர்ஸில் தானாக பிரேக் பிடிக்கும் வசதியும் இருக்கும். இரண்டையும் அணைத்துவிட்டுத்தான் டிரெய்லரோடு பின்னால் எடுக்க வேண்டும்.

கேமராவை எங்க மாட்டறது? கதவு மேலயா, கீழயா?

திறந்து மூடும் கதவில் மட்டும் மாட்டாதீர்கள். டிப்பர் கதவு ஒவ்வொரு தடவை விழும்போதும் கேமரா அடி வாங்கும். கரும்பு லோடு என்றால் இன்னொரு சிக்கல்: கரும்பு டிரெய்லருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மேலே வைத்த கேமராவை மூடிவிடும். அதனால் டிராக்டர் டிரெய்லருக்குப் பின்பக்கச் சேசிஸின் குறுக்குச் சட்டத்தில், நடுவில், விளிம்பிலிருந்து ஒரு விரல் உள்வாங்கி மாட்டுவதே எனக்குச் சரியென்று படுகிறது. சேறு தெறிக்கும்தான், அதைத் துடைத்துக்கொள்ளலாம். ஆனால் சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முதல் இடியிலேயே போய்விடும்.

கேம்பர் டிரெய்லருக்கு இது நேர்மாறு. பின்சுவரின் உச்சியில், நடுவில், கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டினால் தரையும் தெரியும், தூரமும் தெரியும். எங்கே மாட்டினாலும் ஒரு விதி: திரையின் அடியில் உங்கள் டிரெய்லரின் விளிம்பு ஒரு கீற்றாவது தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் உங்கள் வண்டி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

வயர் வைக்கறதா வயர்லெஸ்ஸா? கடையில வயர்லெஸ்தான் லேட்டஸ்ட்டுன்னு சொல்றாங்க.

வயர்லெஸ் என்றால் வயரே கிடையாது என்று நினைத்து வாங்குகிறார்கள். படம் மட்டும்தான் காற்றில் வரும். கேமராவுக்குக் கரன்ட் வேண்டுமே, அதற்கு டிரெய்லரில் வயர் இழுத்தே ஆக வேண்டும். பல பேர் அதை டிரெய்லரின் டெயில் லைட்டிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் பகலில் கேமரா வேலை செய்யவில்லை என்று வருகிறார்கள். பார்க் லைட் ஸ்விட்சைப் போட்டால்தான் அந்த வயரில் கரன்ட் வரும்.

வயர்லெஸ்ஸில் இரண்டு வகை உண்டு. மலிவான அனலாக் வகையில் பக்கத்தில் வேறு சிக்னல் வந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக, கோடு கோடாக வரும். அதே மாதிரி கேமரா போட்ட இன்னொரு வண்டி அருகில் நின்றால் அவர்கள் வண்டியின் படம் உங்கள் திரையில் வந்துவிடவும் வாய்ப்புண்டு. டிஜிட்டல் வகையில் கேமராவும் திரையும் ஜோடி சேர்ந்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் படம் கொஞ்சம் தாமதமாக வரும். மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது மனிதன் நடக்கும் வேகத்தில் பின்னால் போனால் ஒரு நொடியில் வண்டி 1.4 மீட்டர் நகர்கிறது. படம் 0.2 நொடி தாமதித்தால் நீங்கள் பார்ப்பது 28 சென்டிமீட்டருக்கு முந்தைய நிலை. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தப் பார்க்கிறவருக்கு இது போதும், இடித்துவிட. இரும்புத் தகடு போட்ட நீள டிரெய்லர் சிக்னலையும் மறைக்கும்.

என் சிபாரிசு வயர்தான். நாலு பின் உள்ள, திருகி முடுக்கும் ஏவியேஷன் கனெக்டர் போட்ட கேபிள் வாங்குங்கள். படம், கரன்ட், எர்த் மூன்றும் ஒரே கேபிளில் போகும். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் மட்டும் சுருள் கேபிள். வீட்டு டிவிக்குப் போடும் சொருகுப் பின் நம் ரோட்டில் ஆட்டத்துக்குத் தாங்காது. ஒரே டிரெய்லரை அடிக்கடி வெவ்வேறு வண்டிகளில் மாட்டுகிறவர்களுக்கு மட்டும் டிஜிட்டல் வயர்லெஸ் சரிப்படும்.

12 வோல்ட்டா 24 வோல்ட்டா, எப்படிப் பார்த்து வாங்கறது?

டிராக்டர், கார், பிக்கப் எல்லாம் பொதுவாக 12 வோல்ட். பெரிய லாரிகள் 24. கேமராவின் மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். 12 மட்டும் என்று போட்டிருந்தால் லாரியில் மாட்டிய அன்றே புகைந்துவிடும். 10 முதல் 32 வோல்ட் வரை தாங்குவதாகப் போட்டிருந்தால் இரண்டிலும் மாட்டலாம்.

நம்ம டிராக்டர்ல ரிவர்ஸ் லைட்டே இல்லையே, கரன்ட்டு எங்கிருந்து எடுக்கறது?

சாவி போட்டால் உயிர் வரும் லைனிலிருந்து எடுங்கள். நடுவில் ஒரு ஃபியூஸ், கைக்கு எட்டும் இடத்தில் ஒரு ஸ்விட்ச். ஒரு கேமராவும் ஒரு 7 அங்குலத் திரையும் இழுக்கும் கரன்ட் குறைவுதான். 2 ஆம்பியர் ஃபியூஸ் போதும். பாட்டரியிலிருந்து நேராக எடுத்தால் ராத்திரி அணைக்க மறந்துவிட்டு, காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பீர்கள்.

ரிவர்ஸ் லைட் இருக்கும் காரில்கூட நான் தனி ஸ்விட்ச் வைக்கவே சொல்வேன். குறுகலான சந்தில் முன்னும் பின்னுமாக ஒடித்து எடுக்கும்போது கியர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் திரை அணைந்து அணைந்து எரியும். ஸ்விட்ச் இருந்தால் படம் நிற்காது. ரோட்டில் போகும்போதும் போட்டு வைக்கலாம்: கரும்பு சரிகிறதா, பின்னால் பைக் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று தெரியும்.

எர்த் விஷயத்தில் கவனமாக இருங்கள். டிரெய்லர் லைட்டுக்கு எர்த்தைக் கொக்கி வழியாகவே விட்டுவிடுவது பழக்கமாகிவிட்டது. துருவும் கிரீஸும் படிந்த கொக்கியில் எர்த் விட்டு விட்டு வரும். பல்ப் மங்கி எரிந்து சமாளிக்கும், ஆனால் கேமரா படம் உருளும், கோடு விழும். கேமராவுக்குத் தனி எர்த் வயர் டிராக்டர் வரைக்கும் வர வேண்டும். படம் சரியில்லை என்று வரும் வண்டிகளில் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது இந்த வயரைத்தான்.

திரையில இடது பக்கம் தெரியறது நிஜத்துல வலது பக்கம் இருக்கே, கேமரா கோளாறா?

கோளாறு இல்லை, அமைப்பு மாறியிருக்கிறது. பின்கேமரா கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். அப்போதுதான் திரையின் வலது பக்கம் தெரியும் ஆள் உங்கள் வலது கைப் பக்கம் இருப்பார். பல கேமராக்களில் இதற்கென்று சின்ன வளையமாக ஒரு வயர் இருக்கும். அதை வெட்டினால் படம் திரும்பிவிடும். திரையில் படத்தின் மேல் வரும் தூரக் கோடுகளை எடுப்பதற்கு இன்னொரு வளையம். எது எதற்கு என்று கூடவே வரும் தாளில் பார்த்துவிட்டு வெட்டுங்கள். சில திரைகளின் மெனுவிலேயே மாற்றும் வசதி உண்டு.

சரிபார்க்க, டிரெய்லரின் வலது மூலையில் ஒருவரை நிற்க வைத்துக் கை ஆட்டச் சொல்லுங்கள். இதைப் பார்க்காமல் வண்டியை எடுக்கவே கூடாது.

பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கோடு வருதே, சிவப்பு வந்ததும் நிறுத்தினா போதுமா?

அந்தக் கோடுகளை நம்பாதீர்கள். அவை ஏதோ ஒரு காரின் உயரத்துக்கும் சாய்வுக்கும் போட்டவை. உங்கள் டிரெய்லரில் வேறு உயரத்தில், வேறு சாய்வில் மாட்டியதும் அவற்றின் அளவு மாறிவிடுகிறது. ஸ்டீரிங்கோடு சேர்ந்து வளையும் கோடுகள் இன்னும் மோசம். அவை கார் எங்கே போகும் என்று காட்டுகின்றன. டிரெய்லர் போவது வேறு பக்கம்.

உங்கள் கோட்டை நீங்களே போடுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, டிரெய்லரின் பின்விளிம்பிலிருந்து 1 மீட்டர், 2 மீட்டர், 3 மீட்டரில் டிரெய்லரின் அகலத்துக்கு இரண்டு இரண்டு செங்கல் வையுங்கள். திரையில் அவை தெரியும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை மெல்லிசாக வெட்டி ஒட்டுங்கள். 1 மீட்டருக்குச் சிவப்பு டேப். அகன்ற கோணக் கேமராவில் எல்லாமே இருப்பதைவிடத் தள்ளி இருப்பதுபோல் தோன்றும். செங்கல் வைத்து அளந்தால் அந்த ஏமாற்றம் இருக்காது. கேமராவின் சாய்வை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

அண்ணே, கேமராவைப் பார்த்துத்தான் ஒடிக்கிறேன், டிரெய்லர் எதிர்ப்பக்கமே போகுது!

போகத்தான் செய்யும். டிரெய்லரின் பின்பக்கம் வலது போக வேண்டுமென்றால் ஸ்டீரிங்கை இடது ஒடிக்க வேண்டும். இதைக் கேமரா மாற்றாது. ஒரு சுலபமான வழி: ஸ்டீரிங்கின் அடிப்பகுதியை, கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தை, ஒரு கையால் பிடியுங்கள். திரையில் டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். வலது வேண்டுமா, கை வலது. குழப்பமே இல்லை.

அடுத்து, கொஞ்சமாக ஒடித்து டிரெய்லர் திரும்பத் தொடங்கியதும் உடனே ஸ்டீரிங்கைத் திருப்பி அதன் பின்னாலேயே டிராக்டரைக் கொண்டுபோக வேண்டும். ஒடித்தபடியே வைத்திருந்தால் டிரெய்லர் மடங்கி, டிராபார் டிராக்டர் டயரில் வந்து இடிக்கும். மடங்குவதைப் பின்கேமரா காட்டவே காட்டாது, ஏனென்றால் அது டிரெய்லரோடு சேர்ந்தே திரும்புகிறது. திரையில் எல்லாம் அமைதியாக இருக்கும். இங்கே டயர் நசுங்கிக்கொண்டிருக்கும். அதனால் திரை ஒரு பார்வை, இரண்டு பக்கக் கண்ணாடி ஒரு பார்வை என்று மாறி மாறிப் பார்க்க வேண்டும். மடங்குகிறது என்று பட்டால் போராடாதீர்கள். முன்னால் எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி வாருங்கள்.

குட்டை டிரெய்லர் சட்டென்று மடங்கும், நீளமானது மெதுவாகத் திரும்பும். முன்சக்கரமும் டிராபாரோடு திரும்பும் 4 சக்கர டிரெய்லரில் கொக்கியில் ஒரு மடிப்பு, முன்அச்சில் ஒரு மடிப்பு என்று இரண்டு இருப்பதால் அது இன்னும் கஷ்டம். நெல் அறுத்துக் காய்ந்த நிலத்தில் நாலு குச்சி நட்டுப் பழகுங்கள். ஊர்த் தெருவில் பழகாதீர்கள்.

கேம்பர் டிரெய்லரோட ஏலகிரி போறோம். மலைப்பாதையில கேமரா உதவுமா சார்?

ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கேமராவைப் போட்டபடியே ஏறுங்கள். பின்னால் எத்தனை வண்டிகள் சேர்ந்துவிட்டன என்று தெரிந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி வழிவிடலாம்.

ஆனால் வளைவில் ஆபத்து இருப்பது பின்னால் இல்லை, பக்கத்தில். டிரெய்லரின் சக்கரம் காரின் சக்கரம் போன தடத்தில் போகாது, உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அங்கே கல் இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று பின்கேமராவில் தெரியாது. பக்கக் கண்ணாடியில்தான் தெரியும். கேம்பர் காரைவிட அகலமாக இருந்தால் காரின் கண்ணாடிகள் போதாது; வெளியே நீளும் கண்ணாடியைக் கூடுதலாக மாட்டுங்கள். கேமராவுக்குச் செலவு செய்வதற்கு முன்னால் இதற்குச் செய்யலாம்.

நம்ம ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் தாங்குமா?

கோடையில் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். நிறுத்தி வைத்த வண்டிக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம். பசையால் ஒட்டும் திரை ஸ்டாண்டு சித்திரை முடிவதற்குள் கழன்று விழும், ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். மேல்கூடு இல்லாத டிராக்டரில் இரண்டு பிரச்சினை: வெயிலில் திரை வெளுத்துவிடும், மழையில் நனைந்துவிடும். திரைக்கு மேலே தகட்டில் ஒரு சின்ன மூடாக்கு அடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தாங்கும் திரையாகவே வாங்குங்கள்.

கேமராவில் ஐபி 67 என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். வாட்டர் சர்வீஸில் பீய்ச்சி அடிக்கும் அழுத்தத்துக்கு அது உத்தரவாதமில்லை. அதற்கு ஐபி 69கே வேண்டும். அது இல்லையென்றால் கேமரா மேல் நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லென்ஸில் படிந்த செம்மண்ணை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கரைத்துவிட்டு, அப்புறம் ஈரத்துணி. வயர் உள்ளே நுழையும் துளைக்கு முன்னால் அதைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், உள்ளே போகாது.

ராத்திரியில தெரியுமா?

இன்ஃப்ராரெட் விளக்கு வைத்த கேமராவில் கறுப்பு வெள்ளையாகச் சில மீட்டர் தெரியும். அதைவிட, டிரெய்லரின் பின்னால் ஒரு வேலை விளக்கு மாட்டி ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் போடுவது நல்லது. உங்களுக்கும் தெரியும், பின்னால் இருப்பவர்களுக்கும் வண்டி வருவது தெரியும். ரோட்டில் போகும்போது அந்த விளக்கு எரியக் கூடாது.

செல்போனையே திரையா வெச்சுக்கலாமா?

வேண்டாம். போனுக்குப் படம் அனுப்பும் கேமராக்களில் மேலே வயர்லெஸ் பற்றிச் சொன்ன தாமதம் இருக்கும். பாதி ரிவர்ஸில் யாராவது கூப்பிட்டால் படத்தை மறைத்துக்கொண்டு அவர்கள் பெயர் வந்து நிற்கும்.

போலீஸ், ஆர்டிஓ ஏதாவது சொல்வாங்களா?

பின்கேமரா வைப்பதற்குத் தடை இல்லை. நம்பர் பிளேட்டையும் விளக்குகளையும் பிரதிபலிப்பு ஸ்டிக்கரையும் மறைக்காமல் மாட்டுங்கள். அந்தத் திரையில் ஓட்டும்போது சினிமா ஓடினால் அது வேறு கதை.

சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். 2019 ஜூலை முதல் இந்தியாவில் புதிதாகத் தயாராகும் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய கார்களுக்குப் பின்கேமராவே கட்டாயம். இவையெல்லாம் கார்களுக்கு. பின்னால் மாட்டும் டிரெய்லருக்கு யாரும் கட்டாயமாக்கவில்லை. நாமாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேமரா வெச்சாச்சு, இனிமே பின்னாடி க்ளீனர் நிக்க வேணாமில்ல?

வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசவே மாட்டேன். கேமரா பின்னால் இருப்பதைக் காட்டும். பக்கத்துச் சந்திலிருந்து ஓடிவரும் பிள்ளையை, மேலே தாழ்வாகத் தொங்கும் கரன்ட் கம்பியை, திறந்து கிடக்கும் சாக்கடையின் ஓரத்தை அது காட்டாது.

ஆனால் ஆள் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். நேர் பின்னால் நின்றுகொண்டு ‘வா, வா, வரட்டும்’ என்று கையாட்டுவதுதான் நம் வழக்கம். அந்த இடத்தைத்தான் இப்போது கேமரா பார்த்துக்கொள்கிறதே. அவர் டிரைவர் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி, டிரெய்லரின் மூலையிலிருந்து ஒதுங்கி நிற்கட்டும். கண்ணாடியிலிருந்து அவர் மறைந்தால் உடனே நிறுத்துங்கள். திரையில் தேடிக்கொண்டு வண்டியை நகர்த்தாதீர்கள். டிராக்டர் சத்தத்தில் குரல் கேட்காது என்பதால் நிறுத்துவதற்கு ஒரே கைச்சைகையை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டிராக்டர், ரெண்டு டிரெய்லர். ரெண்டுக்கும் தனித்தனியா செட்டு வாங்கணுமா?

திரை ஒன்று போதும். இரண்டு டிரெய்லரிலும் ஒரே மாதிரிக் கேமராவும் கேபிளும் போட்டு, முன்னால் ஒரே வகைக் கனெக்டர் வைத்தால் எதை மாட்டினாலும் படம் வரும். கேமராவின் உயரத்தையும் சாய்வையும் இரண்டிலும் ஒரே அளவில் வைக்காவிட்டால், மேலே சொன்ன டேப் கோடு ஒன்றுக்கு மட்டும்தான் பொருந்தும். இரவில் டிரெய்லரை வயலிலேயே விட்டுவருகிறவர்கள் கேமராவைக் கழற்றி எடுத்துவரும்படி சிறகு நட்டு போட்டு மாட்டலாம். கழற்றிய கனெக்டரின் வாயை மூடியால் மூட மறக்காதீர்கள்.

நேரா போகும்போது படம் நல்லா வருது, வளைஞ்சா மட்டும் போயிடுது. ஏன்?

நடுவில் இருக்கும் சுருள் கேபிள் நீளம் போதவில்லை. முழுக்க ஒடிக்கும்போது அது இறுகி, கனெக்டருக்குள் இருக்கும் வயரை இழுக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு முதலில் வலது பக்கம் முழுக்க ஒடித்து நகர்த்திப் பாருங்கள், பிறகு இடது பக்கம். இரண்டிலும் கேபிள் தளர்வாக இருக்க வேண்டும், ஆனால் தரையிலோ, டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டிலோ உரசக் கூடாது. கேபிளின் இரண்டு முனையையும் கனெக்டருக்கு ஒரு சாண் முன்னால் கிளாம்ப் போட்டுக் கட்டினால் இழுப்பு கனெக்டருக்குப் போகாது.

கேபிள் தளர்வாக இருந்தும் படம் போனால் சந்தேகப்பட வேண்டியது எர்த். ஒரு நீள வயரை டிராக்டர் பாட்டரியின் மைனஸிலிருந்து கேமராவின் கறுப்பு வயருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒடிக்கச் சொல்லுங்கள். படம் போகாமல் இருந்தால் எர்த் வயரை மாற்றுங்கள். அப்படியும் போனால் கனெக்டரைத் திறந்து பாருங்கள், பச்சைப் பாசி பிடித்த பின் ஒன்று இருக்கும்.